கோட்டை வேண்டாம், சமதரை போதும்: தொரப்பள்ளி, அதியமான்கோட்டை பக்கம் நடக்க வழி சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்து மருமகள் | சனி, காலை 6:52

வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு நாத்தனார் குடும்பம் சென்னையிலிருந்து வருகிறது. கூடவே மாமியாரும். அவருக்கு முட்டி வலி, படிக்கட்டைக் கண்டாலே முகம் சுளிப்பார். ஆனால் சமதரையில் விட்டால் என்னைவிட வேகமாக நடப்பார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூட வயது, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது பார்க்கக் கிடைத்தால் போதும், அழாமல் வரும்.

நம் பக்கம் எங்கே நடக்கலாம் என்று தேடினால் வருவதெல்லாம் கோட்டை. கிருஷ்ணகிரி மலை, ராயக்கோட்டை மலை. நம் பகுதியின் பழைய பெயரான பாராமகால் என்றாலே பன்னிரண்டு கோட்டை என்று சொல்லிச் சொல்லி, உச்சியில் நின்று படம் எடுக்காத நடையை யாரும் நடையாகவே மதிப்பதில்லை. எனக்கு வேண்டியது மூன்று, நான்கு கிலோமீட்டர். ஒரு பழைய வீடோ கோயிலோ, பக்கத்தில் ஊர், சுற்றி வயல், முடிந்தால் தண்ணீர். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு இருக்கிறதே, அதைச் சுற்றி நடக்க முடியுமா? தர்மபுரிப் பக்கமும் சொல்லுங்கள். ஒகேனக்கல் வேண்டாம், அது எல்லோரும் பார்த்ததுதான்.

ஓசூர் பனிமூட்டம் | சனி, காலை 7:35

தாராளமாக நடக்கலாம். ஓசூரிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில் வரும். வீட்டை மட்டும் பார்க்கப் போனால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், அதனால்தான் பலர் ‘இவ்வளவுதானா’ என்று திரும்பி வருகிறார்கள். ஓட்டு வீடு, உள்ளே படங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டிலிருந்து கிளம்பி ஊருக்குள் நடந்தால்தான் அது என்ன வீடு என்று புரியும்.

ராஜாஜி அங்கே பிறந்தது 1878 டிசம்பர் 10. அப்பா அந்த ஊர் முன்சீப். முன்சீப் என்றவுடன் நீதிமன்றம் என்று நினைத்துவிடாதீர்கள், கிராம முன்சீப். நில வரி வசூல், சின்னச் சின்ன வழக்கு, ஊர்க் கணக்கு எல்லாம் அவர் கையில். ஆகவே அந்த வீட்டின் வாசல்தான் ஒரு காலத்தில் ஊரின் அலுவலகம். வாசலில் நின்று தெருவைப் பாருங்கள், அதற்கப்புறம் வயல்களைப் பாருங்கள், அந்த வயல்களின் கணக்கெல்லாம் இந்த வாசலுக்குத்தான் வந்திருக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் பிடிக்கும். அவருக்கு ஐந்து வயது ஆகும்போது குடும்பம் ஓசூருக்குப் போய்விட்டது. அங்கே அவர் படித்த அரசுப் பள்ளி இன்னும் நடக்கிறது. அப்புறம் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி, சென்னையில் சட்டம், 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழில். 1948-இல் கவர்னர் ஜெனரல் ஆனவர் இந்தத் தெருவில்தான் நடக்கப் பழகினார் என்று சொல்லுங்கள்.

நடை எப்படி: வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுங்கள். அக்கிரகாரத் தெருவை முதலில் முடித்துவிட்டு, தென்பெண்ணைப் பக்கம் வண்டிப் பாதையில் இறங்குங்கள். தரை சமம்தான். ராகி, அவரை, கோஸ், ரோஜாத் தோட்டம் என்று மாறி மாறி வரும். ஓசூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் அளவில் இருப்பதால் ஜனவரிக் காலையில் எட்டு மணிக்கும் பனி இருக்கும். மாமியாருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மத்திகிரிக்காரி | சனி, காலை 8:10

பனிமூட்டம் அண்ணா எல்லாம் சொன்னார், ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து பெங்களூர்ப் பக்கக் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு நம்மிடம் வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் நுரை பொங்கி நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தொரப்பள்ளி அதற்குக் கீழேதான் இருக்கிறது. பிள்ளைகள் நுரையைப் பார்த்தால் பனிக்கட்டி மாதிரி அள்ளப் போவார்கள். தொடவே விடக் கூடாது. கரையில் நடங்கள், இறங்க வேண்டாம். நாற்றம் அடித்தால் திரும்பிவிடுங்கள், பிடிவாதம் பிடித்து நடக்க அதில் ஒன்றும் இல்லை.

ஓசூர் பனிமூட்டம் | சனி, காலை 8:22

அதுவும் உண்மைதான். மழை நன்றாகப் பெய்த பிறகு பரவாயில்லை, தண்ணீர் குறையக் குறையத்தான் மோசம். ஆனால் அதற்காக ஊரையே ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கட்சி.

உத்தனப்பள்ளி ராகி | சனி, காலை 9:05

நுரையை விடுங்கள். பொங்கல் சமயம் என்கிறீர்கள், யானையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை!

அக்கா, நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ராகி கதிர் முற்றும் நேரத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்கும். அதில் ஒரு பங்கு சானமாவுக் காட்டில் வந்து தங்கும். சானமாவுக்கும் தொரப்பள்ளிப் பக்கத்து வயல்களுக்கும் யானை நடைக்கு ஒன்றும் தூரமில்லை. பகலில் காட்டுக்குள் நிற்கும், பொழுது சாய்ந்ததும் வயலுக்கு வரும், விடியும் முன் திரும்பும். எங்கள் ஊரில் அந்த மாதங்களில் ராத்திரி காவலுக்குப் பரண் மேல் ஆள் உண்டு. அறுவடை முடிந்து கதிரைக் களத்துக்குக் கொண்டுவந்த பிறகும் வாசனைக்கு வரும்.

ஆகவே பனியோடு காலை ஆறரை மணி நடை என்பதெல்லாம் ஜனவரியில் வேண்டவே வேண்டாம். பனியில் பத்தடி தள்ளி நிற்கும் யானைகூடத் தெரியாது. ஒன்பது மணிக்கு மேல் தொடங்குங்கள், நான்கு மணிக்குள் வண்டியில் ஏறிவிடுங்கள். இறங்கியதும் டீக்கடையில் ‘யானை எங்கே நிற்கிறது’ என்று கேளுங்கள். அன்றைய நிலவரம் அங்கேதான் சரியாகத் தெரியும். வனத்துறை எச்சரிக்கை சொல்லியிருந்தால் அன்றைக்கு வீட்டைப் பார்த்துவிட்டு நேராக ஓசூர்.

காவேரிப்பட்டணத்து மருமகள் | சனி, காலை 9:40

தம்பி, நல்லவேளை சொன்னீர்கள். மாமியாரிடம் யானை என்றால் உடனே ‘பார்க்கலாமே’ என்பார், அவரிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

தகடூரான் | சனி, பகல் 12:15

1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது, 2004 பிப்ரவரி 9-இல் எங்களிடமிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பிரிந்தபோது ராஜாஜியையும் மாம்பழத்தையும் நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள், அதியமானும் சுப்பிரமணிய சிவாவும் எங்களோடு இருக்கிறார்கள். கணக்கு சரியாகிவிட்டது.

அதியமான்கோட்டையைப் பார்த்து ‘கோட்டைதானே, ஏற வேண்டுமே’ என்று பயப்பட வேண்டாம். அங்கே மலை கிடையாது. கோட்டை இருந்ததற்கு மண்மேடுதான் சாட்சி. சேலம் நெடுஞ்சாலையில் தர்மபுரியிலிருந்து கொஞ்ச தூரம். மூன்று இடங்களை நடந்தே பார்க்கலாம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் சிலை இருக்கிற அதியமான் கோட்டம், காலபைரவர் கோயில், சென்றாயப் பெருமாள் கோயில். முதல் இரண்டையும் பார்க்காமல் வந்தாலும் பெருமாள் கோயிலைத் தவறவிடாதீர்கள். விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. இராமாயணம், பாரதம் எல்லாம் தலைக்கு மேலே. கழுத்து வலிக்கும், முட்டி வலிக்காது. உங்கள் மாமியாருக்குப் பொருத்தம். ஒளிப்பட விளக்கு மட்டும் அடிக்காதீர்கள், ஏற்கெனவே மங்கி வருகிற நிறம்.

தேய்பிறை அஷ்டமி அன்று மட்டும் போகவே போகாதீர்கள். பைரவருக்குச் சாம்பல் பூசணி விளக்கு ஏற்ற ஊர் ஊராக வருவார்கள். அன்றைக்கு நடை கிடையாது, நெரிசல்தான். நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

நெடுஞ்சாலையைக் கடக்கும்போது பிள்ளைகள் கையை விடக் கூடாது. அந்த ஒரு இடம்தான் ஆபத்து. உள்ளே போய்விட்டால் சாதாரண ஊர்த் தெரு.

பாப்பாரப்பட்டி வாசகன் | சனி, பிற்பகல் 2:30

தகடூரான் சிவாவின் பெயரைச் சொல்லிவிட்டு ஊரைச் சொல்லாமல் போய்விட்டார். நான் சொல்கிறேன்.

நடை பற்றிய இழையில் சுப்பிரமணிய சிவாவை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை. விடுதலைப் போராட்டத்தில் சிறை போன அவருக்கு அங்கே தொழுநோய் வந்தது. தொழுநோயாளிகள் ரயிலில் போகக் கூடாது என்று தடை. சரி, ரயில் இல்லையென்றால் என்ன என்று கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். உடம்பெல்லாம் புண்ணோடு. கடைசியில் பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட நினைத்தார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்பும் முன்பே, 1925 ஜூலை 23-இல் சிவா இறந்துபோனார். வயது நாற்பதுதான். நினைவிடமும், பல வருடம் கழித்து எழுந்த பாரத மாதா நினைவாலயமும் இப்போது இருக்கின்றன.

நினைவிடத்தில் ஆரம்பித்து ஊர்க்கடைத் தெரு வழியாக வந்து வயல் பக்கம் ஒரு சுற்று. சமதரை. பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். ரயிலில் ஏற விடாத ஒரு மனுஷன் நடந்த மண் இது என்று தெரிந்துகொண்டு நடந்தால் வேறு மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம்.

சீட்டாட்டக் கிழவர் | சனி, மாலை 4:05

பழைய வீடு, தோட்டம் என்று கேட்டீர்கள். தர்மபுரியில் தாமஸ் மன்றோ இருந்தாரே, அதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் கேப்டன் ரீடுக்கு உதவியாளராக வந்தவர், 1799 வரை இந்தப் பக்கம்தான் சுற்றினார். ஊர் ஊராகப் போய் நிலம் அளந்து, ஜமீன்தாரை நடுவில் விடாமல் விவசாயியிடமே வரி வாங்குவது என்று ரயத்துவாரி முறைக்கு அடிப்படை போட்டது இங்கேதான். தர்மபுரியில் தோட்டம் வைத்து அதில் மிகவும் ஆசையாக இருந்தார். பின்னால் சென்னைக்கே கவர்னர் ஆனார். நாம் நடக்கிற வரப்பும் வாய்க்காலும் அவர் ஆட்கள் சங்கிலி போட்டு அளந்தவை. தொரப்பள்ளி முன்சீப் வீட்டுக்கு வந்த கணக்கும் அந்த முறையில் வந்த கணக்குதான். இரண்டு ஊரையும் ஒரே விடுமுறையில் பார்த்தால் இந்தத் தொடர்பு புலப்படும்.

நடுகல் தேடி | சனி, மாலை 6:20

வயல் வழி நடையில் கண்ணை விரித்துக்கொண்டு போங்கள். இந்த இரண்டு மாவட்டத்திலும் நடுகல் இல்லாத பக்கம் குறைவு. மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊரார் நட்ட கல். கையில் வில், இடுப்பில் குறுவாள், சிலவற்றில் பக்கத்திலேயே மாடும் இருக்கும். பல இடங்களில் அது வேடியப்பன் சாமியாகப் பூசையில் இருக்கிறது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போங்கள். எழுத்தைப் படிக்க வேண்டும் என்று சுண்ணாம்பு தேய்க்கிற வேலையெல்லாம் கூடாது.

சூளகிரிப் பக்கம் மல்லசந்திரத்தில் கல்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் போட்டு, ஒரு பக்கம் வட்டமாக ஓட்டை விட்டிருப்பார்கள். இரும்புக் காலத்து ஈமச்சின்னம். ஊர்க்காரர்கள் பாண்டவர் வீடு என்பார்கள். பாறை ஏற வேண்டும், ஆகவே உங்கள் மாமியாரைக் கீழே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போங்கள். பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்புக்குக் கி.மு. 2172 என்று காலம் கிடைத்ததாக 2022-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு இந்தக் கற்களைக் காட்டுங்கள்.

எனக்குத் தெரிந்த நடுகல்கள் எல்லாவற்றுக்கும் வரைபடக் குறி வைத்திருக்கிறேன். இணைப்பு கீழே.

[இணைப்பு நீக்கப்பட்டது]

நெறியாளர் | சனி, மாலை 6:48

இணைப்பை எடுத்துவிட்டேன். கோபப்பட வேண்டாம். ஊருக்குள் பூசையில் இருக்கிற கல்லைப் பற்றிப் பேசுங்கள், காட்டில் காவல் இல்லாமல் கிடப்பதற்குத் துல்லியமான இடக்குறி வேண்டாம்.

நடுகல் தேடி | சனி, மாலை 7:02

ஒளித்து வைத்தால் யாருக்குத் தெரியும்? நாலு பேர் வந்து பார்க்கிற கல்லைத்தான் கிரானைட் குவாரிக்காரன் தொடத் தயங்குவான். தெரியாத கல் ஒருநாள் லாரியில் போய்விடும்.

தகடூரான் | சனி, மாலை 7:30

குவாரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் புதையல் பைத்தியம் பிடித்தவர்கள் இருக்கிறார்களே. கல்திட்டைக்குக் கீழே தங்கம் இருக்கிறது என்று எவனோ சொன்னதை நம்பி ராத்திரியில் கடப்பாரையோடு போகிறவர்கள். உங்கள் வரைபடம் அவர்களுக்கு வேலையை மிச்சப்படுத்தும். தொல்லியல் துறைக்கும் அருங்காட்சியகத்துக்கும் பட்டியலைக் கொடுங்கள், அவர்கள் பதிவில் ஏறட்டும். பொதுவில் வேண்டாம்.

மத்திகிரிக்காரி | சனி, இரவு 8:15

இரண்டு பேரும் அக்காவின் மாமியாரை நடுவில் விட்டுவிட்டீர்கள்.

அக்கா, இன்னொரு விஷயம். வயல் வழி என்றால் யாரோ ஒருவருடைய வயல். வரப்பில் ஏறும் முன் அங்கே வேலை செய்கிறவரிடம் ‘இப்படிப் போகலாமா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், பெரும்பாலும் அவரே கூட வந்து வழி காட்டுவார். எங்கள் பக்கம் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஓடும், எதில் கேட்டாலும் பதில் வரும். ஜனவரியில் தார் ரோட்டிலேயே ராகித் தாளையும் கொள்ளையும் பரப்பியிருப்பார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. பிள்ளைகள் அதில் குதித்து ஆடக் கூடாது. மாந்தோப்பு என்றால் காவல்காரரிடம் கேட்காமல் உள்ளே வேண்டாம், பூ விடுகிற நேரம், மருந்து அடித்திருப்பார்கள்.

பாரூர் ஏரிக்கரை | ஞாயிறு, காலை 6:30

எல்லோரும் உங்களைத் தூரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். காவேரிப்பட்டணத்தில் இருந்துகொண்டு பெண்ணேஸ்வரமடத்தை ஒருவரும் சொல்லவில்லையே! தென்பெண்ணைக் கரையில் சிவன் கோயில், சோழர் காலம், போசளர் காலம் என்று சுவரெல்லாம் கல்வெட்டு, நடுகல்லும் உண்டு. ஊருக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டு நடந்து கோயிலுக்கு வாருங்கள். படிக்கட்டுத் தொல்லை இல்லை. யானை பயமும் ஓசூர்ப் பக்கம் அளவுக்கு இல்லை. கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி வருவதால் ஆறும் அந்த அளவு நுரைக்காது.

அங்கே முடித்துவிட்டு மாலையில் பாரூர் வாருங்கள். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வாய்க்காலில் வந்து நிரம்புகிற ஏரி. பெரிய ஏரி, கரையில் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல். மாமியார் எவ்வளவு தூரம் வருகிறாரோ அவ்வளவு தூரம், அப்படியே திரும்பி வரலாம். ஏரிக்கரை நடையில் அதுதான் வசதி, சுற்றி முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மதகுப் பக்கம் மட்டும் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

காவேரிப்பட்டணத்து மருமகள் | ஞாயிறு, காலை 7:10

பெண்ணேஸ்வரமடம்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிரதோஷத்துக்கு ஆட்டோவில் போய், கும்பிட்டுவிட்டு, ஆட்டோவில் வருவோம். சுவரில் எழுத்து இருப்பதைப் பார்த்திருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. ஆற்றோரமாக நடக்கலாம் என்றே தோன்றவில்லை.

சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன். முதல் நாள் பெண்ணேஸ்வரமடம், மாலையில் பாரூர் ஏரி. இன்னொரு நாள் தர்மபுரி: அதியமான்கோட்டை, நேரமிருந்தால் பாப்பாரப்பட்டி. தொரப்பள்ளியை ஒன்பது மணிக்கு மேல், டீக்கடையில் விசாரித்துவிட்டு. ராயக்கோட்டை மலை என் வீட்டுக்காரருக்கு மட்டும், அவர் போகட்டும்.

இரண்டு கேள்வி. கழிப்பறை எங்கே? மதியம் சாப்பாடு எங்கே? மாமியார் வெளியில் சட்டென்று சாப்பிட மாட்டார்.

உத்தனப்பள்ளி ராகி | ஞாயிறு, காலை 7:45

தொரப்பள்ளி நாளில் கழிப்பறையை ஓசூரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள், ஊருக்குள் நம்பிப் போக வேண்டாம். சாப்பாட்டுக்குக் களியும் கீரைக் கடைசலும் கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் சாப்பிடலாம். சென்னைப் பிள்ளைகள் களி தின்னுமா என்று எனக்குத் தெரியாது, தயிர்ச்சாதமும் வைத்துக்கொள்ளுங்கள்.

தகடூரான் | ஞாயிறு, காலை 8:20

எங்கள் பக்கம் கவலையே இல்லை. அதியமான்கோட்டையிலிருந்து தர்மபுரி நகரத்துக்குள் வந்துவிட்டால் சைவம், அசைவம் எல்லாம் கிடைக்கும். நகரத்துக்குள் வந்ததும் கோட்டைக் கோயில் ஒன்றையும் எட்டிப் பாருங்கள். மல்லிகார்ஜுனர் கோயிலில் தொங்கும் தூண் இருக்கிறது, அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்க்கலாம். பிள்ளைகள் அங்கிருந்து கிளம்ப மாட்டார்கள்.

சீட்டாட்டக் கிழவர் | ஞாயிறு, காலை 9:00

வீட்டுக்காரர் ராயக்கோட்டைக்குத் தனியாகப் போவதாக இருந்தால் ரயிலில் போகச் சொல்லுங்கள். சேலம், பெங்களூர் பாதையில் ராயக்கோட்டை நிலையம் இருக்கிறது. 1791-இல் கம்பெனிப் படை பிடித்த கோட்டை, 1799-இல் ஜெனரல் ஹாரிஸ் படை அந்த வழியாகத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனது. கீழே இறங்கி வரும்போது தக்காளி மண்டியில் ஒரு கூடை வாங்கி வரச் சொல்லுங்கள், விலை குறைந்திருந்தால்.

காவேரிப்பட்டணத்து மருமகள் | ஞாயிறு, காலை 9:25

மாமியார் இப்போதே தொலைபேசியில் கேட்கிறார், ஏரிக்கரையில் மீன் கிடைக்குமா என்று. பாரூரா, கிருஷ்ணகிரி அணையா?

பாரூர் ஏரிக்கரை | ஞாயிறு, காலை 9:31

சுடச்சுட வறுவல் வேண்டுமென்றால் அணைக்கட்டு. உயிர்மீன் வாங்கி வீட்டில் குழம்பு வைப்பதானால் பாரூர், காலையிலேயே வாருங்கள். மாலையில் வந்தால் நடைதான் மிச்சம்.